ஆடு தின்ற கட்டம்

கென்ட் ரிட்ஜ் கட்டடத்தின் இரண்டாம் கீழ்த்தளத்தில்
ஒரு மலை இருக்கிறது.
உயரம் ஆயிரத்து நானூறு மீட்டர்,
அகலம் ஒரு படுக்கையறை.
கதவில் எண்பூட்டு.

இந்தத் தீவின் உச்சியே
நூற்று அறுபத்து மூன்று மீட்டர்தான்.
புக்கிட் தீமா ஏறினால்
வியர்க்கும், குரங்கு பையைப் பிடுங்கும்,
குளிராது.

ஆகவே குளிரை வாங்கி வைத்திருக்கிறோம்:
இரவில் பதினொன்று, பகலில் இருபத்திரண்டு,
விடியலுக்கு
சுவர்க்குழாய் விடும் நான்கு பெருமூச்சு
பனிமூட்டம்.
முப்பது வகைச் சிவப்பு பீன்ஸ்,
வகைக்கு இரண்டு சட்டி.

என் வேலை அளப்பது.
கம்பளிச் சட்டையோடு நுழைந்து
தண்டு, கணு, பூ, காய்.
வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடியை
ஊரின் வெக்கை மூடிவிடும்.
ஒரு நிமிடம் ஒன்றும் தெரியாமல் நிற்பேன்;
கோப்பி ஓ மணந்தால்
குவெக் வந்துவிட்டார் என்று பொருள்.
பதிவேட்டில் கையெழுத்து: இ.வ.

அசல் மலை ஃபுளோரஸில்.
அதே முப்பது வகை, முப்பது கட்டம்,
ஃபிதெலிசின் சரிந்த கால் ஏக்கரில்.
வெள்ளிதோறும் எண்கள் வரும்.
சிக்னலுக்காக
தேவாலயத்துக்குப் பின்னால் ஏறுவாராம்.
அவருடைய இந்தோனேசியமும்
என் பள்ளிக்கூட மலாயும்
பாதி வழியில் சந்தித்துக்கொள்ளும்.

ஒன்பதாம் வாரம் எண்கள் வரவில்லை.
படம் வந்தது.
ஒரு ஆடு. இடது காதில் வெள்ளைத் திட்டு.
வாயில்
எங்கள் ஆய்வு.

வேலியை மழை சாய்த்துவிட்டதாம்.
மன்னிக்க வேண்டுமாம்.

"காலி என்று போட்டுவிடு" என்றார் குவெக்.
வறட்சிக்குக் குறி உண்டு,
துருநோய்க்கு உண்டு, அசுவினிக்கு உண்டு.
ஆட்டுக்கு இல்லை.
அம்புக்குறி அந்தக் கட்டத்தில்
துடித்துக்கொண்டே இருந்தது.

கேட்டு வைத்தேன்:
எதைத் தின்றது? எதை விட்டது?

இரண்டு நாள் கழித்துப் பதில்.
பதினேழாம் கட்டம் தரையோடு போயிற்று.
இருபத்துமூன்றை முகர்ந்து பார்த்துவிட்டு
நகர்ந்துவிட்டது.

இருபத்துமூன்று
எங்கள் செல்லம். காய்ப்பில் முதலிடம்.
அறிக்கையின் வரைவில் அதற்குப் பெயர்கூட
வைத்தாயிற்று.

கீழே இன்னொரு குரல், அவர் மனைவி யுலியானா:
"பதினேழில் காய் கொஞ்சம், இலை நிறைய.
ஆட்டை விற்றுத்தான் பள்ளிக்குப் பணம் கட்டுகிறோம்.
அதற்குப் புல்லறுக்க
தினம் இரண்டு மணி நேரம் இறங்கி ஏறுகிறேன்.
உங்கள் படிவத்தில்
அதைக் கேட்கவே இல்லையே."

கேட்கவில்லைதான்.
படிவத்தை வடித்தவள் நான்.

அன்று தேக்காவில் இறங்கினேன், இருமலுக்கு இலை வாங்க.
ஆடாதொடை, ஒரு கட்டு ஒன்றரை வெள்ளி.
ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு
அந்தப் பெயரை எழுத்துக்கூட்டினேன்.
ஆடு தொடாத இலை.

எவரோ ஒருவர்
ஒரு மேட்டில் நின்று
ஆடு எதைக் கடந்து போகிறதென்று
பார்த்திருக்கிறார்.
ஒருநாள் பார்த்துச் சொல்லிவிட முடியாது.
வெயிலில் பார்க்க வேண்டும், மழையில்,
பசித்த ஆட்டை, வயிறு நிறைந்த ஆட்டை,
சினையாட்டை.
முடிவை எங்கே வெளியிட்டார்?
செடியின் பெயரிலேயே.

மறுநாள் ஒரு பத்தியைச் சேர்த்தேன்.
தலைப்பு: ஆடு.
சுழி என்றால் முகர்ந்தது, ஒன்று என்றால் கடித்தது,
இரண்டு என்றால் தரைமட்டம்.
குவெக் வெகுநேரம் பார்த்தார்.
"எத்தனை ஆடு?"
"ஒன்று."
"ஒன்று போதாது."
"யுலியானாவிடம் ஆறு இருக்கின்றன."
அவர் சிரிக்கவில்லை.
வேலிக்கு எவ்வளவு ஒதுக்கியிருந்தோம் என்று
பக்கம் புரட்டத் தொடங்கினார்.

நான் மலைக்குள் போனேன்.
பதினொரு டிகிரி.
இருபத்துமூன்று கொத்துக்கொத்தாய்,
எதுவும் தெரியாமல்.
உள்ளே எதையும் உண்ணக் கூடாது;
கதவில் நான்கு மொழியில் எழுதியிருக்கிறது.

பதிவேட்டில் கடைசி வரி:
சட்டி பதினேழு, ஓர் இலை குறைவு.
லேசான புளிப்பு. மென்மை.
மதிப்பெண் ஒன்று.
இ.வ.